புகாரெஸ்ட்டின் தொட்டில்கள்: ஆராய்ச்சிப் பணம் வீடாக மாறிய ஒரு நிகழ்வு

ருமேனிய மொழியில் 'லெயகன்' என்றால் தொட்டில். மூன்று வயதுக்கு உட்பட்ட கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த அரசு இல்லங்களையும் அந்த நாட்டில் இதே சொல்லால்தான் அழைத்தார்கள். 1990களின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து அந்த இல்லங்களைப் பார்க்கப் போன ஆய்வாளர்கள் முதலில் கவனித்தது அங்கிருந்த அமைதியை. கைக்குழந்தைகள் நிறைந்த அறை, ஆனால் அழுகுரல் இல்லை. அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட குழந்தை அழுவதையே விட்டுவிடுகிறது. பெரியவர்கள் யாராவது உள்ளே நுழைந்தால், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் ஓடிவந்து முன்பின் தெரியாத அவர்களின் காலைக் கட்டிக்கொள்ளும். குழந்தைகள் எதிரில் யாரும் அழக்கூடாது என்று அந்த ஆய்வுக் குழு தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டது.

அந்தப் பயணங்களிலிருந்து பிறந்ததுதான் புகாரெஸ்ட் தொடக்கநிலைத் தலையீட்டுத் திட்டம். ருமேனியத் தலைநகரின் இல்லக் குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில், அதாவது தத்து எடுக்காமல் சம்பளம் பெற்று வளர்க்கும் குடும்பங்களில் சேர்த்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது. மூளை வளர்ச்சியைப் பற்றிப் பேசும் எல்லோரும் இன்று அதை மேற்கோள் காட்டுகிறார்கள். நான் இங்கே அதன் பணக்கணக்கைப் பார்க்க விரும்புகிறேன். யார் கொடுத்தார்கள், என்ன நிபந்தனையில் கொடுத்தார்கள், அந்தப் பணம் எதை வாங்கியது, அது நின்றபோது என்ன ஆயிற்று? இளம் உயிர்களின் நலனுக்காக ஆராய்ச்சிக்கு நன்கொடை தருகிறோம் என்று சொல்லும் ஒவ்வொரு அறக்கட்டளையும் ஊன்றிப் படிக்க வேண்டிய நிகழ்வு இது.

குழந்தைகள் எப்படி அங்கே வந்தார்கள்

1966 அக்டோபரில் நிக்கோலாய் சௌஷெஸ்குவின் அரசு 770ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. சில விதிவிலக்குகள் தவிர கருக்கலைப்பு தடை செய்யப்பட்டது. மக்கள்தொகை பெருகினால் நாடு வலுப்பெறும் என்பது கணக்கு. பிள்ளையில்லாதவர்கள் தனி வரி கட்ட வேண்டியிருந்தது. பெற்றாக வேண்டும், ஆனால் வளர்க்க வசதி கிடையாது என்ற நிலையில் ஏழைக் குடும்பங்கள் குழந்தைகளை அரசிடம் விட்டன. அரசும் அதைத் தவறென்று சொல்லவில்லை. குடும்பத்தைவிடத் தானே நன்றாக வளர்ப்பதாக அது நம்பவைத்தது.

மூன்று வயது வரை தொட்டில் இல்லம். அதன்பின் ஒரு பரிசோதனை. தேறிய பிள்ளைகள் ஒரு வகை இல்லத்துக்கும், குறையுள்ளவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் வேறு வகை இல்லத்துக்கும் போனார்கள். இரண்டாவது வகை எவ்வளவு கொடுமையானது என்பதை 1990இல் உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. இந்தப் பிரிப்புக்குத் துணைநின்ற ஒரு துறை உண்டு. சோவியத் நாட்டில் தோன்றிய 'டிஃபெக்டாலஜி', அதாவது குறையியல். குழந்தையிடம் காணும் பின்தங்கல் குழந்தைக்கு உள்ளேயே இருக்கும் குறை என்று அது சொன்னது. மூன்று ஆண்டுகள் யாரும் தூக்காமல், பேசாமல் கிடந்ததால் வந்த குறையும் பிறவிக் குறை என்றே பதிவானது. பின்னால் வந்த ஆய்வு எதிர்கொள்ள வேண்டியிருந்தது இந்த எண்ணத்தைத்தான்.

1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. டிசம்பர் 25 அன்று சௌஷெஸ்கு சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தச் சமயத்தில் அரசு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். வெளிநாடுகளிலிருந்து கட்டில், மருந்து, பொம்மை எல்லாம் வந்து குவிந்தன. ஆயிரக்கணக்கான குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துப் போனார்கள். ஆனாலும் பத்தாண்டு கழித்து அதே இல்லங்களுக்குப் புதிய கைக்குழந்தைகள் வந்தபடியே இருந்தன. வறுமை தீரவில்லை. இல்லங்களை நம்பிப் பிழைத்த ஊழியர்கள் நிறைய. இல்லமே நல்லது என்று மனதார நம்பிய அதிகாரிகளும் இருந்தார்கள்.

கேள்விக்கு முன்பே வந்த பணம்

சிகாகோவைச் சேர்ந்த மெக்கார்தர் அறக்கட்டளை 1978இல் பணியைத் தொடங்கியது. தனிமனிதர்களுக்கு அது தரும் நல்கை மிகவும் பிரபலம். அதே அளவு பேசப்படாத ஒரு பழக்கமும் அதற்கு இருந்தது. வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு ஆய்வாளர்களை ஓர் 'ஆய்வு வலையமைப்பாக' இணைத்து, ஆண்டுக்குப் பலமுறை கூடி உட்கார்ந்து பேசுவதற்கே பணம் தரும். சுவர் இல்லாத ஆய்வு நிறுவனம் என்பது அந்த ஏற்பாட்டுக்கு அறக்கட்டளை வைத்த வர்ணனை. இளமை அனுபவமும் மூளை வளர்ச்சியும் பற்றிய வலையமைப்பு அவற்றில் ஒன்று. அப்போது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த சார்ல்ஸ் நெல்சன் அதன் தலைவர். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் நேதன் ஃபாக்ஸும், நியூ ஆர்லியன்ஸில் உள்ள துலேன் பல்கலைக்கழகத்தின் குழந்தை மனநல மருத்துவர் சார்ல்ஸ் ஜீனாவும் பின்னர் அவரோடு சேர்ந்து புகாரெஸ்ட் ஆய்வை நடத்திய மற்ற இருவர்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வழக்கமான நல்கை விண்ணப்பத்தில் எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம், எப்படி, எத்தனை மாதத்தில் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மதிப்பீட்டாளர்கள் அதில் ஓட்டை தேடுவார்கள். 'புகாரெஸ்ட்டில் கிட்டத்தட்ட இல்லவே இல்லாத வளர்ப்புக் குடும்ப முறையை நாங்களே உருவாக்கி, கைவிடப்பட்ட குழந்தைகளை அதில் சேர்த்து, பல ஆண்டுகள் பார்க்கப் போகிறோம்' என்று எழுதினால் அந்த விண்ணப்பம் எத்தனை சுற்று தாண்டும்? கேள்வி முழு வடிவம் எடுப்பதற்கு முன்பே ஆட்களை நம்பிப் பணம் வந்திருந்ததால்தான் இப்படி ஒரு யோசனையை அவர்கள் உரக்கப் பேசவே முடிந்தது.

அழைப்பு ருமேனியாவிலிருந்தே வந்தது. அப்போது குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்குப் பொறுப்பாக இருந்த கிறிஸ்டியன் தபகாரு இல்லங்களை மூட விரும்பினார். அரசுக்குள் அவருக்கு எதிர்ப்பு இருந்தது. வெளிநாட்டுப் புத்தகங்களைக் காட்டினால் எடுபடாது, நம் நாட்டுக் குழந்தைகளைப் பற்றிய சான்று வேண்டும் என்பது அவர் நிலை. 2000 இலையுதிர் காலத்தில் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலில், அவரை நியமித்த ஆட்சியே மாறியது. அரசின் அழைப்பை மட்டும் நம்பி நிற்கும் ஆய்வுகள் இப்படிப்பட்ட நேரத்தில்தான் சாய்ந்துபோகும். வெளியிலிருந்து வந்த பணத்தில் ஓடியது என்பதால் இது சாயவில்லை.

ஏற்கெனவே தெரிந்ததுதானே?

இந்த ஆய்வைப் பற்றிப் படிக்கிற எவருக்கும் ஒரு சங்கடம் எழும். எழத்தான் வேண்டும். இல்லங்களில் வளரும் கைக்குழந்தைகள் வாடிப்போகிறார்கள் என்று உளப்பகுப்பாய்வாளர் ரெனே ஸ்பிட்ஸ் 1945இலேயே எழுதினார். 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக மனநல மருத்துவர் ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை தாய்ப் பராமரிப்பின் இழப்பு என்ன செய்யும் என்று விரிவாகச் சொன்னது. அரை நூற்றாண்டு கழித்து அதையே மறுபடி நிரூபிக்க எதற்கு ஓர் ஆய்வு?

பழைய ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பலவீனம் இருந்தது. இல்லத்திலிருந்து குடும்பத்துக்குப் போன குழந்தையையும் இல்லத்திலேயே தங்கிவிட்ட குழந்தையையும் அவை ஒப்பிட்டன. யாரைத் தத்து எடுப்பார்கள்? கண்ணைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தையை, நோய்நொடி இல்லாத குழந்தையைத்தான். அப்படியானால் தத்துப் போன பிள்ளை நன்றாக வளர்ந்ததற்குக் காரணம் குடும்பமா, அந்தப் பிள்ளையின் இயல்பா? இங்கிலாந்துக்குத் தத்துப் போன 165 ருமேனியக் குழந்தைகளைக் குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தார். ஆறு மாதத்துக்கு மேல் இல்லத்தில் இருந்தவர்களுக்குப் பாதிப்பு ஆழமாக இருந்தது என்று அவருடைய குழு கண்டது. மதிப்புமிக்க வேலை. ஆனாலும் குறையியல் பேசும் ஓர் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, 'நல்ல பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள், குறையுள்ளவர்கள் இங்கே தங்கிவிட்டார்கள்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. அந்த வழியை அடைக்க ஒரே ஒரு முறைதான் உண்டு. யார் குடும்பத்துக்குப் போவது என்பதைக் குழந்தையின் முகமோ உடல்நிலையோ தீர்மானிக்கக் கூடாது. குலுக்கல் தீர்மானிக்க வேண்டும்.

குலுக்கல்

புகாரெஸ்ட்டின் ஆறு இல்லங்களில் 187 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். மரபணுக் கோளாறு போன்ற மருத்துவக் காரணங்கள் உள்ளவர்களை விலக்கியபின் 136 பேர் ஆய்வில் சேர்ந்தார்கள். வயது 6 மாதத்திலிருந்து 31 மாதம் வரை. எல்லோருக்கும் முதல்நிலைச் சோதனைகள் முடிந்த பிறகு குலுக்கல் நடந்தது. 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு, 68 பேர் வழக்கமான பராமரிப்புக்கு, அதாவது இருந்த இல்லத்திலேயே. ஒப்பிட்டுப் பார்க்க, இல்லத்தில் ஒருநாளும் இருந்திராத 72 புகாரெஸ்ட் குழந்தைகளையும் தனியே சேர்த்துக்கொண்டார்கள்.

68 குழந்தைகளுக்கு 56 குடும்பங்கள். அந்தக் குடும்பங்களைத் தேடிப் பிடித்து, விசாரித்து, பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளம் கொடுத்தது இந்தத் திட்டம்தான். வளர்ப்புத் தாய்க்கு ருமேனியச் சட்டத்தில் உள்ள பெயர் 'தொழில்முறைத் தாய்மை உதவியாளர்'. பெயர் என்னவோ அலுவலகத்தனமானது. ஆனால் இந்தக் குழந்தைகளைத் தங்கள் பிள்ளையாகவே ஏற்று நேசிக்க வேண்டும் என்றுதான் அவர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். சமூகப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய்ப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க துலேன் பல்கலைக்கழக மருத்துவர்களோடு வாரந்தோறும் கலந்தாலோசனை நடந்தது. இரவில் தூங்காத குழந்தை, யாரைப் பார்த்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் குழந்தை, தூக்கினால் விறைத்துக்கொள்ளும் குழந்தை என்று அவர்கள் கையாள வேண்டியவை எந்தக் கையேட்டிலும் எளிதில் அடங்காதவை.

இந்த நிகழ்வின் மையம் எனக்கு இங்கேதான் இருக்கிறது. ஆராய்ச்சிக்கான அரசு நிதி பெரும்பாலும் அளப்பதற்கே கிடைக்கும். மூளை அலைப் பதிவுக் கருவி வாங்கலாம், உளவியல் சோதனை நடத்தலாம், தரவைப் பகுப்பாய்வு செய்யலாம். இன்னொரு நாட்டில் 56 குடும்பங்களுக்கு ஆண்டுக்கணக்கில் சம்பளம் கொடுக்க அந்தத் தலைப்பில் இடம் இருக்காது. மெக்கார்தர் பணம் இரண்டையும் செய்தது. அளவுகோலை வாங்கியது, அளக்கப்படும் நன்மையையும் வாங்கியது. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

அறம் பற்றிய கேள்வியை ஓரிரு வரிகளில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 68 குழந்தைகள் ஒரு சீட்டின் காரணமாக இல்லத்திலேயே இருந்தார்கள். அவர்கள் பேசவோ, வேண்டாம் என்று சொல்லவோ முடியாத வயதினர். சட்டப்படி அவர்கள் சார்பில் இசைவு கொடுத்தது புகாரெஸ்ட்டின் ஆறு செக்டர்களில், அதாவது நகர நிர்வாகப் பிரிவுகளில், இருந்த குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மூன்றின் நெறிக்குழுக்களும் அனுமதி கொடுத்தன. 'ஆய்வு வராவிட்டால் 136 பேரும் இல்லத்தில்தானே இருந்திருப்பார்கள்' என்பது ஆய்வாளர் தரப்பு வாதம். உண்மைதான். ஆனால் உலகின் எந்த ஏழைக் குழந்தையையும் வைத்து இதே வாதத்தைச் சொல்லிவிடலாம் என்பதால் அதை மட்டும் கொண்டு நான் அமைதி அடையமாட்டேன்.

என்னைப் பெரிதும் இணங்கவைத்தது அவர்கள் வகுத்துக்கொண்ட தலையிடாமை விதி. ஆய்வில் இருக்கிறது என்பதற்காக எந்தக் குழந்தையையும் இல்லத்தில் பிடித்துவைக்கக் கூடாது. பெற்றோர் வந்து கேட்டால், தத்து எடுக்க யாராவது முன்வந்தால், அரசே பிறகு ஏற்படுத்தும் வளர்ப்புக் குடும்பம் கிடைத்தால், அந்தக் குழந்தை போகலாம். அப்படியே பலர் போனார்கள். எட்டு வயதாகும்போது வழக்கமான பராமரிப்புக் குழுவில் பெரும்பாலோர் இல்லத்தில் இல்லை. ஆய்வின் கூர்மையை இது மழுங்கடிக்கும் என்று தெரிந்தும் அவர்கள் தடுக்கவில்லை. கணக்கிடும்போது மட்டும், ஒரு குழந்தை பின்னால் எங்கே போயிருந்தாலும் குலுக்கலில் விழுந்த குழுவிலேயே வைத்து எண்ணினார்கள். ஆகவே வெளிவந்த வேறுபாடுகள் உண்மையான வேறுபாட்டைவிடக் குறைவாகவே காட்டுகின்றன என்று கொள்ளலாம். இரண்டாவது காப்பு, திட்டம் முடிந்ததும் வளர்ப்புக் குடும்பங்களின் செலவை உள்ளூர் நிர்வாகம் ஏற்கும் என்ற ஒப்பந்தம். சோதனை முடிந்தது என்று சொல்லி எந்தக் குழந்தையையும் திரும்ப இல்லத்துக்கு அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை.

2007இல் 'சயன்ஸ்' இதழ் முதல் பெரிய முடிவுகளை வெளியிட்டபோது, இந்த அறக் கேள்வியை அலசி, மருத்துவ அறவியல் அறிஞர்களான ஜோசப் மில்லமும் எசக்கியல் இமானுவேலும் எழுதிய கட்டுரையையும் அதே இதழில் சேர்த்தது. ஆய்வு அறத்துக்குப் பொருந்துவதே என்று அவர்கள் முடித்தார்கள். நான் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. 68 குழந்தைகளுக்கு வீடு கொடுத்த அறக்கட்டளை 136 பேருக்கும் கொடுத்திருக்க முடியாதா? அத்தனை குடும்பங்கள் அன்றைய புகாரெஸ்ட்டில் உடனே கிடைத்திருக்காது என்பது ஒரு பதில். அப்படிக் கொடுத்திருந்தால் 136 பேருக்கு வீடு கிடைத்திருக்கும், சட்டத்தை மாற்ற உதவும் சான்று கிடைத்திருக்காது என்பது இன்னொரு பதில். இரண்டும் சரியாகவே இருக்கலாம். அந்த 68 பேரில் ஒருவரிடம் போய் இந்தப் பதில்களைச் சொல்வதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

என்ன தெரிந்தது

நுண்ணறிவு ஈவிலிருந்து (ஐ.க்யூ) தொடங்குகிறேன், அது முக்கியமானது என்பதால் அல்ல, எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால். 54 மாத வயதில் வழக்கமான பராமரிப்புக் குழுவின் சராசரி 73. வளர்ப்புக் குடும்பக் குழுவுக்கு 81. இல்லத்தையே பார்த்திராத குழந்தைகளுக்கு 109. எட்டுப் புள்ளி வித்தியாசம் சிறிதல்ல. ஆனால் 81க்கும் 109க்கும் நடுவே இருக்கும் பள்ளத்தையும் பார்க்க வேண்டும். வீடு கிடைத்தது. அதற்கு முன் இழந்தது முழுவதும் திரும்பி வரவில்லை.

எந்த வயதில் வீடு கிடைத்தது என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் மூளை மின்செயல்பாடு, எட்டு வயதில் பார்த்தபோது, வீட்டிலேயே வளர்ந்த குழந்தைகளுடையதை ஒத்திருந்தது. பிந்திப் போனவர்களுடையது இல்லக் குழந்தைகளுடையதைப் போலவே இருந்தது. மொழியில் கதவு இன்னும் சீக்கிரம் மூடிக்கொள்கிறது. 15 மாதத்துக்குள் வீடு கிடைத்தவர்கள் பேச்சில் கிட்டத்தட்டச் சம வயதுக் குழந்தைகளை எட்டிப்பிடித்தார்கள். 24 மாதத்துக்குப் பிறகு போனவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு, இரண்டு வயதைத் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சிலர் சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. தாமதத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது, திறனுக்குத் திறன் வேறு வேகத்தில் ஏறுகிறது என்றுதான் சொன்னது.

என் மனதில் தங்கிய முடிவு பற்றுறவு பற்றியது. ஒரு பெரியவரிடம் நம்பிக்கையோடு ஒட்டி, பயம் வந்தால் அவரிடம் ஓடி, ஆறுதல் அடைந்து மீண்டும் விளையாடப் போவதைப் பாதுகாப்பான பற்றுறவு என்கிறார்கள். 42 மாதத்தில், வளர்ப்புக் குடும்பக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் அது இருந்தது. வழக்கமான பராமரிப்புக் குழுவில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பயம், கவலை, மனச்சோர்வு போன்ற உள்முகக் கோளாறுகளும் 54 மாதத்தில் வளர்ப்புக் குடும்பங்களில் பாதியாகக் குறைந்திருந்தன, 44 விழுக்காட்டிலிருந்து 22ஆக. அந்தக் குறைவு பெரிதும் இந்தப் பற்றுறவின் வழியாகவே வந்தது என்று பின்வந்த பகுப்பாய்வு காட்டியது. ஒரு பொம்மையாலோ கூடுதல் ஊட்டச்சத்தாலோ கொடுக்க முடியாதது இது. ஒருவர், அதே ஒருவர், நாளைக்கும் இருப்பார் என்ற உறுதி.

கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் மட்டும் அசையவில்லை. குடும்பத்துக்குப் போனவர்களிடமும் போகாதவர்களிடமும் அது ஒரே அளவில் இருந்தது. எட்டிலிருந்து பதினொரு வயதுக்குள் எடுத்த மூளைப் படங்களிலும் இதே கலவைதான். நரம்புச் செல்கள் நிறைந்த சாம்பல்நிறப் பகுதி, இல்லத்தில் இருந்த இரு குழுவினருக்கும் குறைவு. அந்தச் செல்களை இணைக்கும் இழைகளாலான வெள்ளைப் பகுதி, வளர்ப்புக் குடும்பக் குழந்தைகளுக்கு இயல்பை நெருங்கியிருந்தது. நல்ல செய்தியை மட்டும் தேடிப் பணம் கொடுக்கும் நன்கொடையாளருக்கு இப்படிப்பட்ட முடிவுகள் கசக்கும். பெற்றோருக்கும் மருத்துவருக்கும் இவைதான் உதவும், எதற்குத் தனியாகச் சிகிச்சை தேவை என்று இவை சொல்வதால்.

சட்டம் மாறியது, கட்டுரை பிறகு வந்தது

2004ஆம் ஆண்டின் 272ஆம் எண் சட்டம் 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடுமையான உடற்குறை இருந்தால் தவிர, இரண்டு வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தையையும் இல்லத்தில் சேர்க்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். பின்னாளில் அந்த வயது வரம்பை மேலும் உயர்த்தினார்கள்.

இதை இந்த ஆய்வின் வெற்றி என்று எழுதிவிட ஆசையாக இருக்கும். நேர்மையாகப் பார்த்தால் காரணங்கள் பல. ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர முயன்றுகொண்டிருந்தது. 2007 ஜனவரியில் சேர்ந்தும் விட்டது. குழந்தைகள் இல்லங்களைச் சீர்திருத்து என்ற அழுத்தம் ஒன்றியத்திலிருந்து பல ஆண்டுகள் வந்தது. உள்நாட்டுத் தொண்டு அமைப்புகளும் சமூகப் பணியாளர்களும் இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். ஆய்வு என்ன சேர்த்தது? மாற்ற வேண்டும் என்ற அழுத்தம் ஏற்கெனவே இருந்தது. எந்த வயதில் தாமதம் மிகவும் கெடுதல் என்பதற்கும், குறை குழந்தையிடம் அல்ல இல்லத்திடம் என்பதற்கும், புகாரெஸ்ட் குழந்தைகளையே வைத்து ஆய்வு சான்று காட்டியது.

தேதிகளைக் கவனியுங்கள். சட்டம் 2005இல். 'சயன்ஸ்' கட்டுரை 2007 டிசம்பரில். முதற்கட்ட முடிவுகளை ஆய்வாளர்கள் ருமேனிய அதிகாரிகளிடம் முன்கூட்டியே எடுத்துச் சொல்லியிருந்தார்கள். நல்கை பெற்ற ஆய்வின் பயனை வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளக்கும் ஓர் அறக்கட்டளை 2006இல் வந்து பார்த்திருந்தால், இந்தத் திட்டத்தின் தலையாய கட்டுரை இன்னும் வரவில்லையே என்று குறித்துக்கொண்டு போயிருக்கும்.

ஆய்வு முடிவு அதிகாரியின் மேசைக்கு எப்படிப் போகிறது, போனபின் அதை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதையே ஓர் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட அறக்கட்டளையும் உண்டு. கடைத்தொடர் நடத்திய வில்லியம் டி. கிராண்ட் 1936இல் தொடங்கிய அறக்கட்டளை அது. இளையோர் வாழ்வை மேம்படுத்தும் ஆராய்ச்சியே அதன் வேலை. 2009 முதல், சான்றுகள் பயன்படும் வழிகளைப் பற்றிய ஆய்வுகளுக்கென்றே அது தனி நல்கை தரத் தொடங்கியது. இது வெகு முன்பே எல்லோரும் செய்திருக்க வேண்டியது என்பது என் எண்ணம். ருமேனியாவில் அந்த வேலையை நெல்சனும் ஃபாக்ஸும் ஜீனாவும் ஆய்வோடு ஆய்வாகத் தாங்களே கற்றுக்கொண்டு செய்தார்கள்.

அதே கிராண்ட் அறக்கட்டளையின் பழைய கதை ஒன்றும் இங்கே பொருந்தும். 1938இல் அதன் பணத்தில் ஹார்வர்டு கல்லூரி மாணவர்கள் 268 பேரின் வாழ்நாள் ஆய்வு தொடங்கியது. பத்தாண்டுக்குள் அந்தப் பணம் நின்றது. மாணவர்கள் அப்போதுதான் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். இடையில் ஒரு காலத்தில் புகையிலை நிறுவனம் ஒன்றின் பணத்தில்கூட அந்த ஆய்வு ஓடியது. மனித வாழ்வைப் பற்றிய ஆய்வுகளுக்கு இது தீராத நோய். நல்கையின் ஆயுள் மூன்று அல்லது ஐந்து ஆண்டு. ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாகப் பதினெட்டு ஆண்டு.

54 மாதங்களுக்குப் பிறகு

ஒவ்வொரு குழந்தைக்கும் 54 மாதம் நிறைந்ததும் திட்டம் அந்த வளர்ப்புக் குடும்பத்தை உள்ளூர் அரசிடம் ஒப்படைத்தது. ஒப்பந்தப்படிதான். அதன்பின் 8, 12, 16 வயதுகளில் குழந்தைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அந்தக் கட்டங்களுக்கான செலவில் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் நல்கை பெரும் பங்கு வகித்தது. தனியார் பணம் துணிந்து போட்ட அடித்தளத்தின் மேல், முதலில் தயங்கியிருக்கக்கூடிய அரசு நிதி பின்னால் வந்து சேர்ந்தது. அறக்கட்டளைப் பணத்தின் சரியான வேலை இதுதான் என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிந்தைய முடிவுகளைப் படித்தபோதுதான் எனக்கு வேறொன்று தெரிந்தது.

12 வயதில் பார்த்தபோது, முதலில் சேர்ந்த வளர்ப்புக் குடும்பத்திலேயே நிலையாக இருந்த பிள்ளைகள் நடத்தைக் கோளாறுகள் குறைந்தவர்களாக இருந்தார்கள். இடம் மாறியவர்களிடம் அந்தப் பலன் மங்கியிருந்தது. 2023இல், அதுவரை சேர்ந்த எல்லா அளவீடுகளையும், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வளர்ப்புக் குடும்பத்தின் நன்மை பதின்பருவத்தின் இறுதி வரை நிலைத்திருந்தது. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்குள் இரண்டு விஷயங்கள் வேறுபாட்டைக் கொடுத்தன. சீக்கிரம் போனார்களா, ஒரே வீட்டில் இருந்தார்களா.

சீக்கிரம் போவதற்கு மெக்கார்தர் பணம் வழிசெய்தது. ஒரே வீட்டில் இருப்பதற்குப் பதினெட்டு வயது வரை யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அளப்பதற்கான நல்கை கடல் கடந்து பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தது. வளர்ப்புத் தாயின் மாதச் சம்பளம், குழந்தைக்கு நான்கரை வயது ஆன அன்றிலிருந்து, புகாரெஸ்ட்டின் உள்ளூர் அலுவலகங்களின் பொறுப்பாயிற்று.